விடமாட்டேன் என்று சொன்னேன்

நீச்சல் குளத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாக்களில் பெரும்பாலானவர்களிடம் ஒரே கதைதான் இருக்கிறது. "எங்கள் காலத்தில் இந்த வகுப்பெல்லாம் ஏது மேடம்? சித்தப்பா ஒருநாள் கிணற்றில் தூக்கிப் போட்டார். நாலு மடக்குத் தண்ணீர் குடித்தேன். நீச்சல் தானாக வந்துவிட்டது." சிலருடைய கதையில் சித்தப்பாவுக்குப் பதில் மாமா வருவார், சிலருடையதில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். கிணற்றின் ஆழம் மட்டும் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும். நான் தலையாட்டிவிட்டுத் தண்ணீருக்குள் திரும்பிவிடுவேன். தூக்கிப் போடப்பட்டு மேலே வராத பிள்ளை இப்படி நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்ல முடியாது என்பது ஒரு காரணம். அதே கதை என்னிடமும் இருக்கிறது, அதை நான் அவர்களைவிட நன்றாகச் சொல்வேன் என்பது இன்னொரு காரணம்.

என் கிணறு கோபிசெட்டிபாளையம் பக்கம், அம்மாவின் ஊரில். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கசிவுநீர் ஏறித் தோட்டத்துக் கிணறுகளெல்லாம் பாதிக்கு மேல் நிரம்பிவிடும். எங்களுடையது பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறு, ஒரு பக்கம் மட்டும் படி. 1994ஆம் வருடக் காலாண்டு விடுமுறை. எனக்கு ஒன்பது வயது. அந்த வருடம்தான் குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்திருந்தார். பார்க்கும் பத்திரிகையிலெல்லாம் அவர் படம். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கடலைத் தாண்டுகிறான், நம் வீட்டுப் பிள்ளைக்குக் கிணற்றைத் தாண்டத் தெரியவில்லையே என்று மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று நாள் என் முதுகில் சுரைப்புருடை, அதாவது மிதப்பதற்காகக் காயவைத்த சுரைக்குடுக்கை, கட்டித் தண்ணீரில் விட்டார். நான்காம் நாள் புருடையை அவிழ்த்தார். இடுப்பில் தாம்புக்கயிறு, மறுமுனை படியில் நின்ற அவர் கையில். "விடமாட்டேன் அம்மிணி, நீ போ" என்றார். நடுக்கிணற்றில் கயிறு தொளதொளவென்று ஆனது. பக்கத்தில் அது ஒரு பாம்பு மாதிரி மிதந்ததைப் பார்த்தேன். விட்டுவிட்டார்! கத்தினேன், கத்திய வாய்க்குள் தண்ணீர் போனது, கையையும் காலையும் போட்டு அடித்தேன். எதிர்ச்சுவரின் பாறை இடுக்கில் முளைத்திருந்த அரசங்கன்று கையில் சிக்கியபோதுதான், கிணற்றை நாய் நீச்சலில் தாண்டிவிட்டேன் என்பதே தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் மாமா படியில் நின்றுகொண்டு ஒரு கையால் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்.

முப்பது வருடமாக இந்தக் கதையைச் சொல்லிவருகிறேன். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையும் இந்தக் கதையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது என்பது போன வருடம்தான் உறைத்தது.

மூன்றடி ஆழம்

கோவையில் ஒரு குளத்தில் கோடை விடுமுறையில் மட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற மாதங்களில் கணக்கு எழுதும் வேலை. இது ஒன்பதாவது வருடம். காலை ஏழு மணி வகுப்பில் ஐந்திலிருந்து எட்டு வயது வரை பன்னிரண்டு பேர். மூன்றடி ஆழம், இருபத்தொரு நாள், கடைசி நாளில் சான்றிதழ். நீச்சல் சொல்லிக்கொடுப்பது என்றால் நீந்தச் சொல்லிக்கொடுப்பது என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். முதல் வாரம் முழுவதும் நீச்சல் கிடையாது. கண்ணாடியின் வாரைத் தளர்த்துவது, தொப்பிக்குள் பின்னலைத் திணிப்பது, மூக்குச் சிந்திவிடுவது, "மிஸ், அவன் என் மேல் தண்ணீர் அடித்தான்" என்ற வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் இருபத்தைந்து மடங்கு வேகமாக உறிஞ்சிக்கொண்டு போகும். இவர்களோ ஒல்லிக்குச்சிகள். இருபது நிமிடத்தில் உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்துவிடும், பல் தந்தியடிக்கும். முக்கால் மணி நேரத்துக்குப் பணம் கட்டியிருக்கும் அப்பா, அரை மணி நேரத்தில் பிள்ளை துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்.

இன்னொரு தீராத வழக்கு குளோரின். "வாடை தூக்குகிறது, கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுங்கள்" என்பார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை குளோரின் அதிகமானதால் வருவதில்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து குளோரமின் என்று ஒன்றாக மாறுகிறது. வாடையும் கண் எரிச்சலும் அதனால்தான். அதனால் பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், மேலுக்குக் குளிப்பாட்டி அனுப்புங்கள் என்று நான் சொன்னால், ஏதோ அவர்கள் வளர்ப்பையே குறை சொன்ன மாதிரி முகம் சுருங்கிவிடும். என் பிள்ளை அப்படியெல்லாம் செய்யமாட்டான் மேடம். எல்லோருடைய பிள்ளையும் செய்யும். மூன்றடித் தண்ணீரில் திடீரென்று ஒருவன் ஆடாமல் அசையாமல் நின்று தூரத்தில் பார்க்கிறான் என்றால் எனக்குத் தெரியாதா?

உண்மையான வேலை முகத்தில் இருக்கிறது. கைகாலை எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொடுத்துவிடலாம், முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க ஒரு பிள்ளையைச் சம்மதிக்க வைப்பதுதான் மலையைப் புரட்டுகிற வேலை. தலை பெரிதாக இருக்கும் வயது அது. வளர்ந்தவர்களுக்குத் தலை உயரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஆறு வயதில் ஆறில் ஒரு பங்கு. அந்தக் கனத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தால் இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும், எவ்வளவு உதைத்தாலும் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கையில் மாட்டும் காற்றுப் பட்டையை நான் அடியோடு வெறுப்பதும் இதனால்தான். அது பிள்ளையைத் தண்ணீருக்குள் நிற்கப் பழக்குகிறது. படுக்கப் பழகினால்தான் நீச்சல். தலையை உள்ளே வைக்க வேண்டுமென்றால் தண்ணீருக்குள்ளேயே மூச்சை வெளியே விடத் தெரிய வேண்டும். தண்ணீருக்குள் மீனோடு பேசு என்று சொல்வேன். குமிழி வந்தால் பேசியதாக அர்த்தம். ஒருவன் முங்கி எழுந்து, தான் மூன்று தடவை கேட்டும் மீன் பதிலே சொல்லவில்லை என்று என்னிடம் புகார் செய்தான்.

சம்பளத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேறு ஒரு கூலி இருக்கிறது. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை முதன்முதலாகத் தண்ணீருக்குள் கண்ணைத் திறக்கும். தன் பாதத்தைப் பார்க்கும். உள்ளே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் அல்லவா, எழுந்து வந்து "என் கால் அப்பா கால் மாதிரி இருக்கிறது!" என்று அலறும். அப்புறம் அந்தப் பிள்ளையை வெளியே எடுப்பதுதான் கஷ்டம்.

இரண்டு அங்குலம்

போன மே மாதம் ஒரு பெண் வந்தாள். ஆறு வயது, மேல் வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. முகத்தை முங்க வைக்கவே ஒன்பது நாள் ஆனது. ஆனால் ஒருமுறை சம்மதித்துவிட்டால் சம்மதித்ததுதான், பின்வாங்கமாட்டாள். பதினோராம் நாள் மல்லாக்க மிதக்கப் பழக்கினேன். ஒரு கை பிடரிக்கு அடியில், ஒரு கை முதுகுக்கு அடியில். காது தண்ணீருக்குள் போனதும் எல்லாப் பிள்ளைகளும் விறைக்கும், அவளும் விறைத்தாள். "விடமாட்டீர்களே, மிஸ்?" "விடமாட்டேன்." ஊசி போடும் நர்ஸ் வலிக்காது என்று சொல்வதைப் போல, இது எங்கள் தொழிலின் பொய். விடமாட்டேன் என்றுதான் சொல்வோம், பிள்ளையின் உடம்பு தளரும் வரை காத்திருப்போம், தளர்ந்ததும் கையைக் கீழே இறக்குவோம். நுரையீரல் நிறையக் காற்று இருந்து உடம்பும் தளர்ந்திருந்தால் பிள்ளை மிதக்கும். அப்புறம் வெற்றிக் கூச்சல் போட்டு அறிவிப்போம்.

அந்தக் குளத்துக்குத் தகரக் கூரை. இரும்புச் சட்டத்தில் ஒரு புறா கூடு கட்டியிருந்தது. அவள் அண்ணாந்து அதைப் பார்த்தபடி என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். கழுத்து தளர்ந்தது, தோள் தளர்ந்தது, விரல்கள் விரிந்தன. நான் கையை இறக்கினேன். இரண்டு அங்குலம், அதற்கு மேல் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணினேன். ஏழு வரை வந்தது. அவள் இலை மாதிரி கிடந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார், நான் கையை விட்டு எவ்வளவு நேரமாகிறது! நீயேதான் மிதக்கிறாய்!"

வழக்கமாக இந்த இடத்தில் பிள்ளை சிரிக்கும். அவள் நடுவில் மடங்கினாள். சட்டென்று இடுப்பு கீழே போய், முகம் போய், நான் அள்ளித் தூக்குவதற்குள் ஒரு வாய் குடித்துவிட்டாள். இருமினாள், அழவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து போய், படியேறி, தன் துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "பொய் சொன்னீர்கள், மிஸ்" என்றாள், சத்தமில்லாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி. அன்று அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஏழு பேரில் ஒருவர்கூடத் தலையைப் பின்னால் சாய்க்கவில்லை. எல்லோருடைய பார்வையும் என் கைமேல்.

அவள் அப்பா கரையில் கைதட்டிக்கொண்டிருந்தார். செல்போனில் படம் பிடித்திருந்தார், அங்கேயே குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியும் விட்டார். என்னிடம் காட்டினார். ஏழு நொடி. தண்ணீருக்கடியில் என் கை ஒரு பழுப்புத் திட்டாகத் தெரிகிறது, மேலே அவள். முகத்தில் துளிப் பயமில்லை, உதடு அசைந்துகொண்டே இருக்கிறது.

அடுத்த மூன்று நாள் அவள் முதல் படிக்குக் கீழே இறங்கவில்லை. நான்காம் நாள் வகுப்பு முடிந்தபின் அந்தப் படியில் நானும் போய் உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டது தப்புதான் என்றேன். அவளுக்கு மன்னிப்பு வேண்டியிருக்கவில்லை, விவரம் வேண்டியிருந்தது. "எப்போது விட்டீர்கள்?" நீ புறாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாயே, அப்போது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்படியென்றால் நான் சொன்னதை நீங்கள் கேட்கவே இல்லை."

கேட்கவில்லைதான். அவள் பேசுகிறாள், ஆகவே பயம் போய்விட்டது, ஆகவே கையை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேனே தவிர, என்ன பேசினாள் என்று காது கொடுக்கவில்லை. இன்றுவரை அது என்ன என்று எனக்குத் தெரியாது. திருப்பிக் கேட்டதற்குச் சொல்ல மறுத்துவிட்டாள்.

எண்ணிச் சொல்வது

அதிலிருந்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்தேன். வாய்விட்டு எண்ணுவேன். மூன்று என்றதும் கையை எடுப்பேன், ஐந்து என்றதும் திரும்ப வைப்பேன். சொன்ன எண்ணில் எடுப்பேன், சொன்ன எண்ணில் வைப்பேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த முறை மோசமாக வேலை செய்கிறது. "இரண்டு" என்னும்போதே பிள்ளையின் உடம்பு கட்டையாகிவிடும். விறைத்த உடம்பின் கால் தாழும். மூன்றாவது எண்ணில் தண்ணீர் குடிக்கும். பழைய பொய்யில் சரக்கு இருந்தது. பிடித்திருக்கிறார்கள் என்று நம்பினால்தான் உடம்பு தளரும், தளர்ந்தால்தான் மிதக்கும். அந்தப் பொய் ஒரு வாரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. எண்ணத் தொடங்கியபின் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தாறு நாள் கூடுதலாகிறது. இருபத்தொரு நாள் வகுப்பில் இது சின்ன விஷயமில்லை. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் கால் உதைத்துக் குளத்தைக் கலக்கிக்கொண்டிருக்க, என்னுடையவர்கள் இன்னும் மூன்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒரு அம்மா பிள்ளையை என்னிடமிருந்து மாற்றிக்கொண்டு போனார். குளத்தை நடத்துகிறவரும் ஒருநாள், மெதுவாகத்தான், "பெற்றோர் கேட்கிறார்கள் இல்லையா" என்றார். இப்படிக் கற்ற பிள்ளைகள் மிதப்பதை மறப்பதில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். அதற்கு என் கண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஒருவேளை நான் குற்ற உணர்ச்சியைப் பாடமுறை என்று அழைத்துக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

பெற்றோரின் அவசரத்தில் ஒன்றுதான் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கும். சான்றிதழை வாங்கியதும், "இனிப் பயமில்லை, ஞாயிற்றுக்கிழமை கொடிவேரி அணைக்குக் கூட்டிப்போகிறோம்" என்பார்கள். தட்டையான தரை, கண்ணாடி மாதிரி தண்ணீர், நினைத்தால் கால் ஊன்றலாம் என்ற இடத்தில் பதினைந்து மீட்டர் போன பிள்ளை அது. ஆற்றில் இழுப்பு இருக்கிறது, பாசிப் பாறை இருக்கிறது, அடி தெரியாத கலங்கல் இருக்கிறது. 2021இல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. பள்ளி வயதில் நீச்சல் கற்றுக்கொடுக்கச் சொல்லும் அதே நிறுவனம், ஆபத்தில்லாமல் காப்பாற்றும் வழியையும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. நம் ஊர்ச் செய்தித்தாளை மே மாதத்தில் பிரித்தால் காரணம் தெரியும். ஒரு பிள்ளை வழுக்கி விழும், பிடிக்கப் போன அக்கா போவாள், அவளைப் பிடிக்கப் போன சித்தி போவார்.

அதனால் கடைசி இரண்டு நாள் பள்ளிச் சீருடையோடு தண்ணீரில் இறங்கச் சொல்வேன். நனைந்த பாவாடை காலைச் சுற்றும்போது முகத்தில் வரும் திகைப்பை அவர்கள் மூன்றடியிலேயே பார்த்துக்கொள்ளட்டும். யாராவது விழுந்தால் குதிக்காதே. கத்து, துப்பட்டாவை நீட்டு, காலி கேனை எறி. இதை விளையாட்டாகவே நடத்துவோம், கேன் எறிவதில் அடிதடி வரும். பெரியவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். மூழ்கும் பிள்ளை கையை ஆட்டிக் கூப்பிடாது, கத்தாது. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், மூச்சுக்கே நேரம் போதாது, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பன்னிரண்டு பிள்ளைகள் கூச்சலிடும்வரை எனக்கு நிம்மதி. ஒரு மூலை அமைதியானால்தான் தூக்கிவாரிப் போடும்.

மாமாவின் கயிறு

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். கிணற்றுக்கு மேல் இப்போது இரும்பு வலை அடித்திருக்கிறார்கள், பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு வந்துவிட்டது. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த அண்ணன் பிள்ளைகளுக்கு என் கதையை எடுத்துவிட்டேன். காலாண்டு விடுமுறை, சுரைப்புருடை, குற்றாலீஸ்வரன், நடுக்கிணறு, மாமா கயிற்றை விட்டார். கட்டிலில் படுத்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"எப்போது விட்டேன்?"

கேட்ட தோரணையில் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. கயிறு தளர்ந்ததே என்றேன். "தளர்த்தினேன். நீ போகப் போகக் கயிற்றை விட்டுக்கொண்டு வந்தேன். முனை என் கையில்தான் இருந்தது, அதற்கும் மேலே மோட்டார் பைப்பில் ஒரு முடிச்சு. கயிற்றை விட்டுவிட்டு நிற்க எனக்கென்ன கிறுக்கா?" அத்தை அடுக்களையிலிருந்து, கிணற்று மேட்டில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள், விட்டிருந்தால் அன்றைக்கே அவரைக் கிணற்றில் தள்ளியிருப்பாள் என்றாள். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடது உள்ளங்கையில் மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினார். "இந்தக் கை." தொடையைத் தட்டிச் சிரித்தது வலது கை. அந்த ஒரு கையைத்தான் நான் முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீ கேட்கவில்லையே என்றார். எனக்குக் கோபமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. படியில் நின்ற அவருக்குக் கயிறு கையில் இருந்தது. நடுக்கிணற்றில் கிடந்த எனக்கு அது அறுந்துபோனதுதான். என் கையும் அந்தப் பெண்ணின் முதுகுக்கு இரண்டு அங்குலம் கீழேதான் இருந்தது. நானும் விடவில்லை என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அவள் போன வருடம் வகுப்பை முடிக்கவில்லை. பதினெட்டாம் நாளோடு நின்றுவிட்டாள், ஊருக்குப் போகிறார்கள் என்றார்கள். இந்த ஏப்ரலில் திரும்பி வந்தாள். பல் முளைத்திருந்தது, வளர்ந்திருந்தாள். ஐந்து வயதுத் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் படியிலேயே கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் தண்ணீருக்குள்ளிருந்து கையை நீட்டினேன். அவள் அவன் காதுப்பக்கம் குனிந்து, என்னை வைத்துக்கொண்டே சொன்னாள்: "மிஸ் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் எண்ணச் சொல். இல்லையென்றால் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்."

அவன் என் கைகளைப் பார்த்தான். பிறகு, எத்தனை வரைக்கும் எண்ண வேண்டும் என்று அக்காவிடம் கேட்டான். தனக்கு இருபது வரை தெரியும் என்றான்.